பூங்காவின் ஓசையும் பொதுவில் வாழும் அறமும்

கண்ணுக்கு இமையைத் தந்த இயற்கை செவிக்கு மூடி எதனையும் தரவில்லை. காண விரும்பாததைக் கண்மூடித் தவிர்க்கலாம். கேட்க விரும்பாத ஓசையை அவ்வாறு தவிர்க்க இயலாது. ஒருவர் எழுப்பும் ஓசை மற்றவருடைய இசைவைக் கேளாமலே அவர் வீட்டினுள் புகுந்துவிடுகிறது. நோயாளியின் படுக்கையருகிலும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியின் மேசையருகிலும், தொட்டிலில் உறங்கும் குழந்தையின் தலைமாட்டிலும் அது சென்று நிற்கிறது. ஆதலின் ஓசை பற்றிய முறையீடு ஒவ்வொன்றும், அளவிட்டுத் தீர்க்கும் சட்டச் சிக்கலாக மட்டுமன்றி, ஓர் அறவினாவாகவும் நம்முன் நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் நாம் வாழும் நகர்ப்பகுதியில் ஒரு விண்ணப்பம் வீடுதோறும் வந்தது. தெருமுனையிலுள்ள சிறு பூங்காவில் ஞாயிறு மாலைகளில் இளைஞர் சிலர் கூடிப் பெருங்குரலில் பாடுகின்றனர், கையடக்க ஒலிபெருக்கி ஒன்றை வைத்து ஆடுகின்றனர், குடியிருப்போருக்கு அமைதியில்லை, மாநகராட்சி இவர்களை வெளியேற்றி, மாலை ஆறு மணிக்கே பூங்காவைப் பூட்ட ஆவன செய்யவேண்டும் என்பது விண்ணப்பத்தின் சாரம். அன்று நம் இல்லத்தில் முதியவர் ஒருவர் உடல்நலம் குன்றியிருந்தார். நாமும் மறுமுறை எண்ணாது கையொப்பமிட்டோம். இட்ட பின்னரே மனம் உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தல் என்ன என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வகுத்த அளவு

முதலில், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். 2000ஆம் ஆண்டில் நடுவணரசு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவில் 45 டெசிபலும் எல்லையாகும். வணிகப் பகுதியில் இவை முறையே 65, 55. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் முதலியவற்றைச் சூழ 100 மீட்டர் அளவில் அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் என்றும், எஞ்சியது இரவு என்றும் விதிகள் கொள்கின்றன.

இவ்வெண்களின் பொருளை நாம் எளிதில் உணர்வதில்லை. இருவர் இயல்பாக உரையாடும் ஓசையே ஏறத்தாழ 60 டெசிபல் ஆகும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் செவிக்கோ ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றுகிறது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்போர் எழுத்து வடிவில் முன் இசைவு பெறவேண்டும். அந்த இடத்தின் எல்லையில் ஓசை, பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் மிகலாகாது. எவ்வகையிலும் 75ஐத் தாண்டலாகாது. எனவே குடியிருப்புப் பகுதியிலுள்ள பூங்காவின் வேலியருகே பகலில் 65 டெசிபலே உச்ச எல்லையாகும். இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம்.

இங்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பூங்காவின் பாதுகாவலர் மாநகராட்சியே. ஆனால் ஓசையின்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் காவல்துறை ஆணையர், மாவட்ட ஆட்சியர் போன்றோரிடம் உள்ளது. குடியிருப்போர் மாநகராட்சிக்கு எழுதுகின்றனர். மாநகராட்சி காவல் நிலையத்தைக் காட்டுகிறது. காவல் நிலையமோ பூங்காவைத் திறந்துவைத்தது யார் என்று வினவுகிறது. இவ்வாறு அலைந்து சலித்தவர் இறுதியில் கேட்பது, பூங்காவையே பூட்டிவிடுங்கள் என்பதுதான். பூட்டுப் போடுவது மாநகராட்சிக்கும் எளிது. அளந்தறியும் கருவி வேண்டா, இருதரப்பையும் அழைத்துப் பேசும் பொறுமையும் வேண்டா. ஓசையோடு அங்கு வந்த மனிதரும் வெளியேற்றப்படுகின்றனர் என்பதை அப்போது எவரும் கணக்கில் கொள்வதில்லை.

சிவாஜி பூங்கா தரும் பாடம்

இவ்வினா சிறு தெருக்களுக்கு மட்டும் உரியதன்று. மும்பை மாநகரின் தாதர் பகுதியில் சிவாஜி பூங்கா என்னும் திடல் உள்ளது. ஏறத்தாழ 28 ஏக்கர் பரப்பு. 1925இல் மக்களுக்குத் திறக்கப்பட்டு, 1927இல் இப்பெயர் பெற்றது. துடுப்பாட்ட வீரர் பலர் அங்கே பயின்று உருவாயினர். சச்சின் டெண்டுல்கர் அவர்களுள் ஒருவர். திடலைச் சூழ்ந்த தாழ்ந்த சுவரில் மாலை வேளைகளில் முதியோரும் இளையோரும் அமர்ந்து அளவளாவுவர். அதே திடலில்தான் தனி மகாராட்டிர மாநிலம் கோரிய கிளர்ச்சிக் கூட்டங்களும், பின்னர் அரசியல் கட்சிகளின் பெருங்கூட்டங்களும் நடைபெற்றன.

சுற்றிலும் வாழ்வோர் இக்கூட்டங்களின் ஒலிபெருக்கி முழக்கத்தைப் பல்லாண்டு பொறுத்திருந்து, இறுதியில் நீதிமன்றத்தை நாடினர். 2010ஆம் ஆண்டு மே மாதம் மும்பை உயர்நீதிமன்றம் அத்திடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. எனினும் குடியரசு நாளான ஜனவரி 26, மகாராட்டிர நாளான மே 1, டிசம்பர் 6 ஆகிய மூன்று நாட்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

டிசம்பர் 6 என்பது அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்த நாள். அவருடைய உடல் எரியூட்டப்பட்ட இடமாகிய சைத்ய பூமி, இத்திடலுக்கு அருகில் கடற்கரையோரம் உள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் மகாராட்டிரத்தின் ஊர்ப்புறங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பல இலட்சம் மக்கள் அங்கு வந்து சேர்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் எளியவர். விடுதியில் தங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. சிவாஜி பூங்காவில் மாநகராட்சி அமைக்கும் பந்தலே அவர்களுக்கு உறைவிடம். அங்கு வைக்கப்படும் தண்ணீரும் கழிப்பிடமுமே அவர்களுக்குரிய ஏற்பாடு. திடலில் வரிசையாகப் புத்தகக் கடைகள் இருக்கும்; வந்தோர் தம் சிறு சேமிப்பைக் கொண்டு நூல்கள் வாங்கிச் செல்வர்.

அந்நாளில் ஓசை எழத்தான் செய்யும். சுற்றியுள்ள மாடிவீட்டில் ஒரு நோயாளி உறங்க இயலாது தவிக்கவும் கூடும். அத்துன்பம் பொய்யன்று. ஆயினும் அந்நாளில் அத்திடலை மூடினால் இழப்பு யாருக்கு, எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், மூன்று நாள் விலக்கின் நியாயம் விளங்கும். ஒரு சாராருக்கு அது ஓர் இரவின் உறக்கம். மற்றொரு சாராருக்கு ஆண்டில் ஒருமுறை தலைநிமிர்ந்து ஒன்றுகூடும் உரிமை.

கதை அத்துடன் முடியவில்லை. 2016இல் மாநில அரசு, ஆண்டுக்கு 45 நாட்களை விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்க வழிசெய்தது. பண்டிகைகள், பண்பாட்டு விழாக்கள், நினைவு நாட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தனித்தனியே பார்த்தால் எந்தக் காரணமும் புறந்தள்ளத் தக்கதன்று. மூன்று நாட்கள் நாற்பத்தைந்தான போதோ, முதலில் முறையிட்ட குடியிருப்போருக்குக் கிடைத்த அமைதி பெரிதும் சுருங்கிவிட்டது. விலக்குக் கேட்போர் ஒவ்வொருவரும் தம் நிகழ்ச்சி ஒன்றையே எண்ணுகின்றனர். கேட்டுக்கொண்டிருப்போர் செவிக்கோ எல்லா நிகழ்ச்சிகளும் வந்து சேர்கின்றன.

இரு பக்கமும் உள்ள பற்று

இவ்விடத்தில் நம் பெரியோர் வகுத்த இல்லற ஒழுக்கங்களுள் இரண்டு நமக்குத் துணையாகின்றன. ஒன்று அநர்த்த தண்ட விரதம். குணவிரதம் மூன்றனுள் இடம்பெறுவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பையும் பயின்றோர் இதனை நன்கறிவர். இல்வாழ்வோன் எவ்வுயிர்க்கும் சிறிதும் துன்பம் இழைக்காது வாழ்தல் அரிது. உழவும், உணவும், தொழிலும் ஏதேனும் ஒரு தீங்கை உடன்கொண்டே வருகின்றன. அதனை உணர்ந்தே, பயனற்ற தீங்கினையேனும் விலக்குக என்று இவ்விரதம் பணிக்கிறது.

இதனை ஓசைக்குப் பொருத்திப் பார்ப்போம். மக்கள் ஒன்றுகூட வேண்டும், பாட வேண்டும், பேச வேண்டும். இவை வாழ்க்கைக்கு இன்றியமையாதவை. இவற்றால் எழும் ஓசை பயனுள்ள செயலின் உடன்விளைவு. ஆனால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்கு நான்கு திசையும் நோக்கிய குழாய் ஒலிபெருக்கி எதற்கு? கூட்டம் தொடங்கு முன்பே இரண்டு மணி நேரம் திரைப்பாடல் எதற்கு? பேச்சாளர் போன பின்பும் ஒலிக்கும் பெட்டி எதற்கு? வந்திருப்போர் கேட்பதற்கு இவை தேவையில்லை. தெருவுக்குத் தெரிவிப்பதற்கே இவை வைக்கப்படுகின்றன. கூட்டத்தின் பயனுக்கு வேண்டாத இவ்வோசையால் ஒருவர் துன்புறுவாராயின், அது பயனற்ற தீங்கே ஆகும்.

மற்றொன்று மிகுபொருள் விரும்பாமை. பொருள் என்றால் பொன்னும் நிலமும் மட்டும் அல்ல. பொதுவானதைத் தனதாக்கிக்கொள்ளும் எண்ணமும் பற்றே. பெருங்குரல் எழுப்புவோர் பிறர் செவியைத் தமதாக்கிக் கொள்கின்றனர். இது யாவரும் ஒப்புவது. முறையிடுவோரிடத்தும் அதே பற்று இருக்கக்கூடும் என்பதை நாம் எளிதில் ஒப்புவதில்லை. பூங்காவைப் பார்த்தாற்போல் வீடு வாங்கியவர், நாளடைவில் அப்பூங்காவைத் தம் வீட்டு முற்றமாகவே கருதத் தொடங்குகிறார். அங்கு வருவோர் தமக்கு ஒத்த உடையும், ஒத்த மொழியும், ஒத்த ஒழுங்கும் உடையவராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அவ்வாறு இல்லாதவர் எழுப்பும் ஓசை, உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாக அவர் செவிக்குக் கேட்கிறது.

சென்னையில் எழுந்த ஒரு வழக்கு இதனை நமக்கு நன்கு விளக்கும். மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், அங்கு வாழ்வோர் சங்கத்துக்கும் வழிபாட்டு மன்றம் ஒன்றுக்கும் இடையே ஒலிபெருக்கி குறித்து வழக்கு நிகழ்ந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்ததில், ஓசைக்கு மன்றம் மட்டுமே காரணமன்று, சாலையில் ஓடும் ஊர்திகளும் காரணம் என்பது தெரியவந்தது. சென்னை உயர்நீதிமன்றம், ஊர்திகளின் ஓசையையும் குறைக்குமாறும், மன்றத்தின் ஒலிபெருக்கியையும் தாழ்த்தச் செய்யுமாறும் பணித்தது. மன்றத்தார் உச்சநீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்து, பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என்று தெளிவுபடுத்தியது.

அது எந்தச் சமயத்தாரின் மன்றம் என்பது இங்கு முதன்மையன்று. நம் சமயத்தார் அவ்விடத்தில் இருந்திருந்தாலும் தீர்ப்பு அதுவே. நாம் கருதவேண்டியது, அதில் இருபுறமும் வெட்டும் நியாயம் உள்ளது என்பதையே. ஊர்திகளும் ஓசை எழுப்புகின்றனவே என்று காட்டித் தம் ஒலிபெருக்கிக்கு விலக்குப் பெறுதல் இயலாது. அதுபோலவே, அண்டையிலுள்ள மன்றத்தின் ஓசையைச் சுட்டுவோர், நாள்தோறும் சாலையில் எழும் ஓசையைப் பொறுத்துக்கொண்டு அம்மன்றத்தை மட்டும் குற்றம் சாட்டுதலும் முழு நீதியாகாது. அச்சாலையில் ஓடிய ஊர்திகளுள் முறையிட்டோரின் ஊர்திகளும் இருந்திருக்கக் கூடும் அல்லவா?

மாநகராட்சி செய்யத்தக்கது

அங்ஙனமாயின் ஒரு மாநகராட்சி இத்தகைய முறையீட்டை எவ்வாறு கையாள வேண்டும்? முதலாவது, அளந்தறிதல். எவருடைய கோபத்தின் அளவைக் கொண்டும் முடிவு செய்யலாகாது. எத்தனை கையொப்பம் என்பதைக் கொண்டும் முடிவு செய்யலாகாது. இரண்டாவது, பூங்காவைப் பயன்படுத்துவோரையும் அழைத்துக் கேட்டல். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் குரலே அலுவலகத்தை எட்டுகிறது. எழுதத் தெரியாதவர், தம்மைப் பற்றி ஒரு விண்ணப்பம் சென்றிருப்பதையே அறியார். மூன்றாவது, ஓசையை அகற்றுவதற்கும் மனிதரை அகற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறவாமை. ஒலிபெருக்கியின் திசையை மாற்றலாம், கூடும் இடத்தை வீடுகளிலிருந்து விலக்கிப் பூங்காவின் நடுவே வைக்கலாம், நேரத்தை வரையறுக்கலாம். இவற்றையெல்லாம் செய்த பின்பும் தீராவிடில் மட்டுமே தடை. நான்காவது, விலக்கு நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்தல். நாளை இரவு ஓசை இருக்கும் என்று முன்பே அறிந்தவர், நோயாளியை உறவினர் வீட்டில் தங்கவைக்கவேனும் இயலும்.

இவை அனைத்தும் நிறைவேறினாலும் சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரவுக் காவல் முடித்துவிட்டு வருபவரும், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியரும் பகலில்தான் உறங்குகின்றனர். அவர்களுக்குப் பகலே இரவு. எந்த விதியும் அவர்களை அறியாது. அடுத்த வீட்டார் மட்டுமே அறிவர். எனவே சட்டம் காக்க இயலாதவரை அண்டை அயலாரின் அக்கறைதான் காக்கவேண்டும். அவ்வக்கறை பிறப்பதற்கு ஒருவரையொருவர் அறிந்திருத்தல் முதல் தேவை.

மீண்டும் நம் விண்ணப்பத்துக்கு

அந்த எண்ணமே நம்மை அடுத்த ஞாயிறு மாலை பூங்காவுக்குச் செல்லத் தூண்டியது. அங்கே பத்துப் பன்னிரண்டு இளைஞர் இருந்தனர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஒரே அறையில் பலர் தங்கியிருப்பதால், வேலையில்லாத அந்த ஒரு மாலையில் அறைக்குள் இருக்க இடமில்லை என்றனர். வீட்டில் முதியவர் நோயுற்றிருப்பதைத் தெரிவித்ததும், அவர்களுள் மூத்தவர் எழுந்து பெட்டியை நிறுத்திவிட்டு, "முன்னமே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார். அச்சொல்லில் குறை கூறும் குறிப்பு இல்லை. ஆயினும் நாம் அவரிடம் ஒரு சொல்லும் கூறாமல், அவரைப் பற்றி மாநகராட்சியிடம் கூறியிருந்தோம் என்பது நம் உள்ளத்தைச் சுட்டது.

மற்றொன்றும் சுட்டது. அதே பூங்காவில் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுவிழா நடந்தபோது, இரவு பத்தரை மணி வரை ஒலிபெருக்கி முழங்கியது. அதற்கு எவரும் விண்ணப்பம் எழுதவில்லை. நாம் மேடையருகே அமர்ந்து கைதட்டினோம். அன்றும் ஏதோ ஒரு வீட்டில் நோயாளி இருந்திருப்பார்.

இளைஞர்கள் அன்றுமுதல் பெட்டியின் ஒலியைக் குறைத்துக்கொண்டனர். எட்டு மணிக்குள் கலைகின்றனர். எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. சில வாரங்களில் மறந்துவிடுகின்றனர். சென்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நாம் விண்ணப்பத்திலிருந்து நம் பெயரை நீக்கக் கோரிக் கடிதம் எழுதினோம். பூங்காவை மூடவேண்டா, நேரம் மட்டும் வரையறுத்தால் போதும் என்றும் குறித்தோம். அண்டை வீட்டார் சிலருக்கு இதில் மனக்கசப்பு உண்டு. அதனை ஏற்றே ஆகவேண்டும்.

அதனினும் கடினமான பணி பின்னர் வந்தது. நம் ஊர் ஆலய விழாவில் தெருவை நோக்கிக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது நெடுநாள் வழக்கம். இம்முறை விழாக் குழுவினரிடம், பெட்டிகளை ஆலயத்தின் உட்புறம் திருப்பிவைத்தால் நலம் என்று கூறினோம். முன்பின் அறியாத இளைஞர் ஒரு சொல்லில் ஏற்றதை, நம் சுற்றத்தார் ஏற்க மூன்று கூட்டங்கள் ஆயின. ஊருக்கு விழா நடப்பது தெரியவேண்டாவா என்று கேட்டனர். இறுதியில், காலைப் பூசைக்கு முன் பாடல் ஒலிபரப்புவதில்லை, இரவு ஒன்பதுக்குமேல் ஒலிபெருக்கி இல்லை என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது. பெட்டிகள் இன்னும் தெருவையே நோக்கியிருக்கின்றன.

பிறர் ஓசையைக் குற்றமாகவும் நம் ஓசையைக் கொண்டாட்டமாகவும் கேட்கும் செவி நமக்கு இருக்கும்வரை, எந்த மாநகராட்சியும் இவ்வழக்கை முடித்துவைக்க இயலாது. எனவே இதழைப் படிக்கும் குடும்பத்தார் அனைவரையும் நாம் வேண்டுவது இதுவே: அடுத்த முறை ஒரு விண்ணப்பம் கையொப்பத்துக்கு வரும்போது, முதலில் அவ்விடம் சென்று அம்மனிதரைக் கண்டு பேசுவோம். அடுத்த முறை நம் இல்லத்திலோ ஆலயத்திலோ விழா எடுக்கும்போது, அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே உறங்க வேண்டியவர் எவரேனும் உளரா என்று கேட்போம். இவ்விரண்டும் செலவில்லாதவை, எனினும் செய்வதற்கு அரியவை. செய்து பார்ப்போமாக.